கிராஞ்சிச் சுவரில் இல்லாத ஐவர்

சிங்கப்பூரின் வடபால் கிராஞ்சிக் குன்றில் எழுந்து நிற்கும் போர் நினைவுச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியப் படைவீரர் பெயர்களும் பல. சப்பானியர் 1942 பிப்ரவரியில் கிராஞ்சியில் கரையேறினர். அதற்கு ஒன்பது திங்கள் முன்னர், மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் துப்பாக்கிகளுக்கு இரையான தமிழர் ஐவர் இச்சுவரில் இடம்பெறார். அவர்கள் படைவீரர் அல்லர், தோட்டத் தொழிலாளர்.

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில், ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியன கேட்டனர். துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். இதனை ஏற்பதால் துரைக்குக் காசு நட்டமில்லை. நிறத்தின் உயர்வுதான் நட்டம்!

மே 5இல் நாதன் கைதானார். கொந்தளிப்பு பரவியது, மே 16இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படைகள் வந்தன, ஐவர் மாண்டனர். கலகக் கூட்டத்தினின்று உயிரையும் அமைதியையும் காக்கவே சுட நேர்ந்தது என்பது ஆட்சியாளர் வழக்கு. கூட்டம் சினங்கொண்டிருந்தது மெய்யே. அதனை மறைத்தல் வரலாறாகாது. எனினும், தற்காப்பென்பது எதிர்வரும் கேட்டின் அளவைக் கடவாதது. தலைவனை விடுவிக்கக் கோரிய கூலியாட்களைக் கலகக்காரராகவே கண்ட கண்ணுக்கு அந்த அளவு எங்ஙனம் புலப்படும்? துரைமார் அஞ்சினால் அது ஆபத்து; தொழிலாளி அஞ்சினால் அது ஒழுங்கு.

நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1943இல் சுபாசு சந்திர போசு சிங்கப்பூரில் அழைப்பு விடுத்தபோது, தோட்டப்புறத் தமிழர் திரளாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர்.