தேவராஜ் அர்ஸ்

தேவராஜ் அர்ஸ் (20 ஆகஸ்ட் 1915 – 6 ஜூன் 1982) கர்நாடக மாநிலத்தின் முதலமைச்சராக இரு முறை, மொத்தம் ஏழரை ஆண்டுகளுக்கும் மேலாகப் பதவி வகித்தவர். குத்தகை விவசாயிகளை நில உடைமையாளர்களாக்கிய சட்டத்திருத்தமும் ஹாவனூர் ஆணையத்தின் வழியே வந்த பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடும் அவரது ஆட்சியின் இரு பெரும் பணிகள். எண்ணிக்கை பலம் இல்லாத ஒரு சிறு சமூகத்தில் பிறந்தவர், இரு பெரும் சமூகங்களின் பிடியில் இருந்த ஒரு மாநில அரசியலைத் திசை திருப்பினார் என்பதே அவரை இந்திய மாநிலத் தலைவர்களின் வரிசையில் தனித்து நிற்கவைக்கிறது.

மைசூர் மாவட்டம் ஹுன்சூர் வட்டத்திலுள்ள கல்லஹள்ளி அவரது ஊர். மைசூர் அரச குடும்பத்தோடு உறவுடைய ‘அரசு’ சமூகத்தைச் சேர்ந்தவர். பெயரில் உள்ள ‘அர்ஸ்’ அந்தச் சமூகத்தைக் குறிப்பது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் அறிவியல் பட்டம் பெற்ற பின் அரசு வேலை தேடிப் போகாமல் ஊர் திரும்பி விவசாயத்தில் இறங்கினார். 1941-இல் மைசூர் பிரதிநிதித்துவ சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்றார். 1952 முதல் ஹுன்சூர் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்ற அவர், நிஜலிங்கப்பா அமைச்சரவையிலும் இடம்பெற்றார். இருபது ஆண்டுகள் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னாலேயே இருந்தார். கையில் புகைக்குழாயுடன் நிதானமாகப் பேசும் அந்த மனிதருக்குள் மாநிலத்தையே புரட்டிப்போடும் திட்டம் ஒன்று இருக்கும் என்று அப்போது எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அவர் எதை உடைத்தார் என்பதை அறிய, அதற்கு முந்தைய நிலையைப் பார்க்க வேண்டும். சமூகவியலாளர் எம். என். ஸ்ரீனிவாஸ் ‘ஆதிக்கச் சாதி’ என்ற கருத்தை மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் செய்த களஆய்வைக் கொண்டே வகுத்தார். நிலம், எண்ணிக்கை, ஊர்ச் செல்வாக்கு ஆகிய அனைத்தும் ஒரே சமூகத்திடம் சேரும்போது ஊரின் மற்ற சாதிகள் அதன் சொல்லுக்குக் கட்டுப்பட நேர்கிறது. பழைய மைசூரில் அந்த இடத்தில் ஒக்கலிகர்கள் இருந்தார்கள். வட கர்நாடகத்தில் லிங்காயத்துகள் இருந்தார்கள். 1956-இல் கன்னடப் பகுதிகள் ஒன்றிணைந்தது முதல் 1971 வரை முதலமைச்சரான நிஜலிங்கப்பா, பி. டி. ஜத்தி, எஸ். ஆர். கண்டி, வீரேந்திர பாட்டீல் ஆகிய அனைவரும் லிங்காயத்துகளே. குறும்பர், ஈடிகர், பேடர், மீனவர், நாவிதர், குயவர் எனச் சிதறிக் கிடந்த சமூகங்களும் தலித்துகளும் வாக்களித்தார்கள். ஆட்சியில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம்.

வாய்ப்பு 1969-இல் வந்தது. காங்கிரஸ் பிளவுபட்டபோது நிஜலிங்கப்பாவும் தமிழகத்தின் காமராஜரும் பழைய காங்கிரஸில் நின்றார்கள். மைசூர் மாநிலத்தின் பெருந்தலைவர்கள் பலரும் அந்தப் பக்கமே போனார்கள். ஆளில்லாமல் கிடந்த இந்திரா காந்தி அணியை மாநிலத்தில் கட்டியெழுப்பும் பொறுப்பு அர்ஸிடம் வந்தது. 1971 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 27 இடங்களையும் அந்த அணி வென்றது. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்பாளர்களைத் தேர்வு செய்ததில்தான் அர்ஸின் மதிநுட்பம் வெளிப்பட்டது. அதுவரை பெரிய கட்சிகளின் கண்ணில் படாத சமூகங்களிலிருந்து புதுமுகங்களைத் தேடிப் பிடித்து நிறுத்தினார். கட்சி 216-இல் 165 இடங்களைப் பிடித்தது. 20 மார்ச் 1972 அன்று அவர் முதலமைச்சரானார். அந்தத் தேர்தலில் குர்மித்கல் தொகுதியில் முதன்முறையாக வென்று, பின்னர் அவரது அமைச்சரவையிலும் இடம்பெற்றவர் மல்லிகார்ஜுன் கார்கே. வீரப்ப மொய்லியும் அவர் வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர்.

நிலச் சீர்திருத்தம்

1961-இலேயே நிலச் சீர்திருத்தச் சட்டம் இருந்தது. ஆனால் அதில் நிலச்சுவான்தார் தப்பிக்கப் பல வழிகள் இருந்தன. 1 மார்ச் 1974 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவற்றில் முக்கியமானவற்றை அடைத்தது. குத்தகை முறையே ஒழிக்கப்பட்டது. குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலங்கள் அரசின் வசமாகி, உழுதுகொண்டிருந்தவர் பெயருக்கு மாற வழி பிறந்தது. படைவீரர்கள், கடலோடிகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கான உச்சவரம்பு, இருபோகம் விளையும் உயர்ந்த பாசன நிலமானால் 10 ஏக்கர். மழையை மட்டும் நம்பிய புஞ்சையானால் 54 ஏக்கர்.

சட்டத்தைவிட அதை நடத்திய முறைதான் பெரிது. வழக்குகளை நீதிமன்றங்களிடம் விடாமல் அர்ஸ் வட்டந்தோறும் நிலத் தீர்ப்பாயங்கள் அமைத்தார். வருவாய்த்துறை உதவி ஆணையர் தலைமையில் உள்ளூர்ப் பொதுமக்கள் பிரதிநிதிகளும், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த உறுப்பினரும் அதில் அமர்ந்தார்கள். வழக்கறிஞர்கள் ஆஜராக அனுமதி இல்லை. பத்திரமும் ரசீதும் இல்லாத குத்தகைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்கத் தேவையில்லை. ஊரில் நிலத்தை யார் உழுகிறார் என்பது ஊருக்கே தெரியும். அந்த ஊரறிந்த உண்மை சாட்சியாக ஏற்கப்பட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. பாதிக்கும் மேற்பட்டவை குத்தகைக்காரர்களுக்குச் சாதகமாக முடிந்தன.

குத்தகை மிகுந்திருந்த தென் கன்னட, வட கன்னடக் கடலோர மாவட்டங்களில் பலன் மிகுதி. தலைமுறை தலைமுறையாக நெல் அளந்து கொடுத்தவர்கள் அங்கே சொந்த நிலக்காரர்கள் ஆனார்கள். மாறாக, உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தைக் கைப்பற்றிப் பங்கிடுவதில் சாதனை குறைவு. குத்தகைக்குக்கூட நிலம் இல்லாத கூலித் தொழிலாளர்களுக்கு, குறிப்பாகத் தலித்துகளுக்கு, இந்தச் சட்டத்தால் கிடைத்தது மிகக் கொஞ்சம். ஆயினும் கேரளம், மேற்கு வங்கம் போல இடதுசாரி இயக்கத்தின் முதுகெலும்பு இல்லாத ஒரு மாநிலத்தில், ஒரு காங்கிரஸ் முதல்வர் இவ்வளவு செய்தது அரிய செயல்.

ஹாவனூர் ஆணையம்

1972-இல் வழக்கறிஞர் எல். ஜி. ஹாவனூர் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் அமைந்தது. ஹாவனூர் பேடர் சமூகத்தவர். 1975 நவம்பரில் வந்த அறிக்கை, பிற்பட்ட பிரிவுகளை மூன்றாக வகைப்படுத்தி மொத்தம் 32 விழுக்காடு இடஒதுக்கீடு பரிந்துரைத்தது. லிங்காயத்துகளை அது பட்டியலில் சேர்க்கவில்லை. அறிக்கையைக் கண்டு எழுந்த எதிர்ப்புக்கு இடையிலும் 1977-இல் அரசாணை பிறந்தது. ஆணையம் விட்டிருந்த முஸ்லிம்களை அரசு சேர்த்தது. சாதி பாராமல் வருமானத்தைக் கொண்டு ஏழைகளுக்கும் ஒரு தனிப்பிரிவு வகுத்தது. ஒக்கலிகர்கள் பட்டியலில் இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இரு பெரும் சமூகங்களையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ள அர்ஸ் விரும்பவில்லை.

கடன் நிவாரணச் சட்டம், கொத்தடிமை ஒழிப்பு, பிற்படுத்தப்பட்ட மாணவர் விடுதிகள் ஆகியவையும் அந்த ஆண்டுகளில் வேகம் பெற்றன. மலத்தைத் தலையில் சுமக்கும் வழக்கத்தைத் தடை செய்தவர் அவரது அமைச்சரவையில் இருந்த தலித் தலைவர் பி. பசவலிங்கப்பா. கன்னட இலக்கியத்தின் பெரும்பகுதி வெறும் ‘பூசா’ (தவிடு) என்று 1973-இல் பசவலிங்கப்பா பேசியதால் கலவரம் மூண்டது. அவர் பதவி விலக நேர்ந்தது. கர்நாடகத் தலித் இயக்கம் அந்தக் கொந்தளிப்பிலிருந்தே உருவெடுத்தது. மைசூர் மாநிலம் 1 நவம்பர் 1973 அன்று ‘கர்நாடகம்’ எனப் பெயர் மாறியதும் அர்ஸ் காலத்தில்தான். 1924-ஆம் ஆண்டின் காவிரி ஒப்பந்தம் ஐம்பதாண்டு நிறைந்து முடிந்துவிட்டது என்ற கர்நாடகத்தின் வாதம் வலுத்ததும் இக்காலத்திலேயே.

நெருக்கடி நிலையும் வீழ்ச்சியும்

நெருக்கடி நிலைக் காலம் அவரது ஆட்சியின் கறை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பெங்களூர் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆஸ்துமா நோயாளியான நடிகை ஸ்நேகலதா ரெட்டி அதே சிறையில் மாதக்கணக்கில் வாடி, 1977 ஜனவரியில் பரோலில் வெளிவந்த சில நாள்களில் இறந்தார். நிலம் கொடுத்த அரசே இதற்கும் பொறுப்பு.

1977 மக்களவைத் தேர்தலில் வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டபோது, கர்நாடகத்தில் 28-இல் 26 இடங்கள் அதற்குக் கிடைத்தன. மத்தியில் அமைந்த ஜனதா அரசு அர்ஸ் மீதான ஊழல் புகார்களை விசாரிக்க நீதிபதி ஏ. என். குரோவர் ஆணையத்தை அமைத்தது. ஒரு மாநில முதல்வரை விசாரிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்று மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. புகார்களில் சில நிரூபணமானதாகவே ஆணையம் கண்டது. 31 டிசம்பர் 1977 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. இரண்டே மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் 224-இல் 149 இடங்களுடன் அவர் திரும்பி வந்தார். 1978 நவம்பரில் சிக்மகளூர் இடைத்தேர்தலில் இந்திரா காந்தியை வெற்றிபெறச் செய்து மீண்டும் மக்களவைக்கு அனுப்பினார்.

அந்த நெருக்கம் எட்டு மாதம்கூட நீடிக்கவில்லை. முதலமைச்சர் பதவியையும் மாநிலக் கட்சித் தலைமையையும் ஒருவரே வைத்திருப்பதை இந்திரா ஏற்கவில்லை. சஞ்சய் காந்தியின் கை ஓங்குவதை அர்ஸ் ஏற்கவில்லை. 1979 ஜூனில் அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் அப்போது அவரோடு நின்றார்கள். காங்கிரஸ் (அர்ஸ்) என்ற அவரது கட்சியில் ஷரத் பவார், ஏ. கே. அந்தோணி போன்றோரும் இருந்தார்கள். ஆனால் 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் கர்நாடகத்தின் 28 இடங்களில் 27-ஐ இந்திரா காங்கிரஸ் வென்றது. உடனே சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாறினார்கள். அர்ஸ் பதவி விலக, குண்டுராவ் முதல்வரானார்.

இந்தத் தோல்விக்குக் காரணம் வெளியில் மட்டும் இல்லை. எளிய மக்களுக்கு நிலமும் இடஒதுக்கீடும் அரசாங்கத்தின் வழியே வந்தன. அந்த மக்களை ஊர்தோறும் ஓர் அமைப்பாகத் திரட்ட அவர் முயலவில்லை. அவர்கள் கண்ணுக்கு நன்மை செய்தவர் இந்திராவாகவே தெரிந்தார்.

1982-இல் கர்நாடக கிராந்தி ரங்கா என்ற மாநிலக் கட்சியைத் தொடங்கிய அர்ஸ், அதே ஆண்டு ஜூன் 6 அன்று பெங்களூரில் காலமானார். பங்காரப்பா தலைமையில் அக்கட்சி ஜனதாவுடன் கைகோத்து 1983 ஜனவரித் தேர்தலைச் சந்தித்தது. ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வரானார்; கர்நாடகத்தில் அமைந்த முதல் காங்கிரஸ் அல்லாத அரசு அதுதான்.