வேவுக்குப் பின்னால் ஒரு பதற்றம்

இங்கிலாந்துக் காற்பந்தின் இரண்டாம் நிலைப் போட்டி சாம்பியன்ஷிப். அதில் முதலிரு குழுக்கள் நேராகப் பிரீமியர் லீக்கிற்கு உயரும். 2019இல் அடுத்த நான்கும் எஞ்சிய ஓரிடத்திற்காக மோதின.

2019 ஜனவரி 10ஆம் நாள், டெர்பி கவுண்டியின் பயிற்சித் திடலுக்கு வெளியே லீட்ஸ் யுனைடெட்டின் ஊழியர் ஒருவர் வேவு பார்த்துப் பிடிபட்டார். மறுநாள் லீட்ஸ் 2-0 என வென்றது. டெர்பியின் பயிற்றுநர் ஃபிராங்க் லம்பார்ட் கொதித்தெழுந்தார்.

லீட்ஸின் பயிற்றுநர் மார்செலோ பியெல்சாவோ எதையும் மறைக்கவில்லை. 16ஆம் நாள் செய்தியாளர்களை அழைத்து, எல்லா எதிரணிகளையும் வேவு பார்த்ததாக ஒப்புக்கொண்டார். ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீண்ட அச்சந்திப்பில், டெர்பியின் ஆட்டமுறைகளைத் திரையில் பிரித்துப் பிரித்து விளக்கினார். (வகுப்பில் பாடம் நடத்துவது போலத்தான்!) எதிராளியை மிரட்டும் உத்தி அது என்றனர் பலர். ஆனால், வேவினால் பயனில்லை, தம் பதற்றத்தைத் தணிக்கவே அவ்வாறு செய்ததாக அவரே கூறினார். அதை நான் நம்புகிறேன். 200,000 பவுண்டு அபராதத்தையும் தம் சொந்தப் பணத்திலேயே செலுத்தினார்.

அழுகையை நிறுத்தும்படி லம்பார்ட்டைக் கேலி செய்து லீட்ஸ் ரசிகர்கள் பாடத் தொடங்கினர். மே மாதத் தகுதிச் சுற்றில் இரு குழுக்களும் மீண்டும் மோதின. முதலாட்டத்தில் லீட்ஸ் 1-0 என வென்றது. டெர்பிக்கு அப்பருவத்தில் லீட்ஸிடம் மூன்றாம் தோல்வி. மே 15ஆம் நாள் லீட்ஸின் சொந்தத் திடலிலேயே டெர்பி 4-2 என வென்று இறுதிக்குள் நுழைந்தது. அதே கேலிப் பாட்டை இப்போது டெர்பி ஆட்டக்காரர்கள் பாடினர்.

இறுதியாட்டத்தில் டெர்பி ஆஸ்டன் வில்லாவிடம் 2-1 எனத் தோற்றது. லீட்ஸ் 2020இல் வாகை சூடிப் பிரீமியர் லீக்கிற்கு உயர்ந்தது. அப்போதும் பயிற்றுநர் பியெல்சாவே.