ஸ்டீவ் சவிதான்: எல்லாரும் சொல்லும் கதையும் சொல்லாத கதையும்

உதைபந்தாட்டம் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் கொஞ்சப் பெயர்களுக்குள்ளேயே சுத்திச் சுத்தி நிற்போம். பிரான்ஸ் எண்டால் சிடான், ஹென்றி, இப்ப எம்பாப்பே. ஆனால் ஒரு நாட்டின் உதைபந்தாட்டம் பத்துப் பேரால் மட்டும் நடப்பதில்லை. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு, ஒரு சின்ன ஒப்பந்தத்திலிருந்து இன்னொரு சின்ன ஒப்பந்தத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும் நூற்றுக்கணக்கான வீரர்களின் உழைப்பில்தான் லீக் எண்ட ஒன்று ஓடுகிறது. அப்படியான ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ஸ்டீவ் சவிதான். பிரான்ஸ் தேசிய அணிக்காக அவர் விளையாடியது ஒரேயொரு ஆட்டம்.

சவிதான் 1978 யூன் 29 அன்று மேற்குப் பிரான்ஸின் ஆன்ஜே நகரில் பிறந்தவர். ஹென்றியும் ட்ரெஸெகேயும் பிறந்தது 1977இல், அனெல்கா 1979இல். ஆக, எல்லாரும் ஒரே தலைமுறை. ஹென்றியும் அனெல்காவும் கிளேர்ஃபொன்தேன் தேசியப் பயிற்சி நிலையத்தில் வளர்ந்தவர்கள். பதின்ம வயதிலேயே அவர்களுக்கு மேல்தட்டுக் கழகங்களின் கதவு திறந்துவிட்டது. 1998இல் ஹென்றியும் ட்ரெஸெகேயும் இருபது வயதில் உலகக்கிண்ணத்தைக் கையில் ஏந்தினார்கள். கிட்டத்தட்ட அதே வயதில் சவிதான் சொந்த ஊர்க் கழகமான ஆன்ஜேயில் தொழிலைத் தொடங்கியிருந்த, வெளியூரில் யாருக்கும் தெரியாத ஒரு முன்கள வீரர்.

அதன்பிறகு அவர் போன இடங்களைப் பார்த்தால் பிரான்ஸின் வரைபடம் மாதிரி இருக்கும். நாட்டின் நடுவே ஷாத்தோரூ, கடல் கடந்து கோர்சிக்கா தீவின் அஜாக்சியோ, பாரிஸுக்கு வடக்கே போவே, தென்மேற்கே அங்குலேம். இந்த ஓட்டத்தை விளங்கிக்கொள்ள பிரான்ஸின் லீக் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்திருக்கவேணும். மேலே லீக் 1, அதற்குக் கீழே லீக் 2. இவை இரண்டும் தொழில்முறைக் கழகங்களுக்கானவை. மூன்றாவது தட்டு 'நஷனல்'. அங்கே தொழில்முறைக் கழகங்களும் அமெச்சூர் கழகங்களும் கலந்து மோதும். அதற்கும் கீழே போனால் பெரும்பாலும் பகலில் வேறு வேலை, பின்னேரத்தில் பயிற்சி.

சவிதான் இந்த எல்லைக்கோட்டில்தான் வருசக்கணக்காக நின்றார். ஒரு கழகம் தரமிறங்கினாலோ, காசில்லாமல் போனாலோ, பயிற்றுநர் மாறினாலோ முதலில் அடிபடுவது இப்படியான வீரர்கள்தான். பிரான்ஸில் ஒப்பந்தங்கள் வழமையாக யூன் 30இல் முடியும். அதாவது அவருடைய பிறந்தநாளுக்கு அடுத்த நாள். வயது ஒன்று கூடுகிற அதே கிழமையில், அடுத்த வருசம் எந்த ஊர், என்ன சம்பளம் எண்ட கேள்வியும் வந்துவிடும். கீழ்த்தட்டில் விளையாடிய காலத்தில் வீட்டுச் செலவுக்காக அவர் குப்பை அள்ளும் வேலையும் செய்தார், மதுக்கடையில் பரிமாறும் வேலையும் செய்தார். இருபத்தைந்து வயது தாண்டிய ஒரு முன்கள வீரர் அந்த நிலையில் இருந்தால், 'இவருக்கு இனி மேலே இடமில்லை' எண்டுதான் பெரும்பாலான கழகங்கள் முடிவு கட்டும்.

2004இல் அவர் வலன்சியன் கழகத்துக்கு வந்தார். வலன்சியன், பிரான்ஸின் வட எல்லையில் இருக்கிற நிலக்கரி, உருக்குத் தொழில் பிரதேசம். அந்தப் பிராந்தியத்தின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. வேலையை இழந்த அந்த ஊருக்கு உதைபந்தாட்டத்திலும் ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. 1993 மே மாதம், சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன், தங்களோடு மூர்க்கமாக மோதாமல் இருக்கச்சொல்லி மார்செய் தரப்பு வலன்சியன் வீரர்கள் சிலருக்கு இலஞ்சம் கொடுத்தது. ஜாக் கிளாஸ்மன் எண்ட வலன்சியன் வீரர் அதை வெளியில் சொன்னார். ஒரு வீட்டுத் தோட்டத்தைத் தோண்டியபோது 250,000 பிராங் காசு கிடைத்தது. மார்செய் தன் லீக் பட்டத்தை இழந்தது. வலன்சியனோ அதே 1993இல் தரமிறங்கி, பிறகும் இறங்கி, 1996இல் கடனில் மூழ்கி அமெச்சூர் மட்டத்துக்கே போனது.

கீழே விழுந்த ஒரு கழகமும் கீழேயே கிடந்த ஒரு வீரரும் சந்தித்தது அங்கேதான். 2005இல் வலன்சியன் 'நஷனல்' சம்பியன். அடுத்த வருசம், அந்துவான் கொம்புவாரேயின் பயிற்சியில், லீக் 2 சம்பியன். 13 வருசத்துக்குப் பிறகு அந்த ஊர் மறுபடியும் லீக் 1ஐப் பார்த்தது. இந்த இரண்டு ஏற்றத்திலும் சவிதானின் கோல்கள் இருந்தன. முதல்தரத்தில் இவரால் தாக்குப்பிடிக்க ஏலாது எண்டு சொன்னவர்களுக்கு அந்த முதல் பருவமே பதில் சொன்னது. நான்த் அணிக்கெதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் லீக் 1இல் அதிக கோல் அடித்தவர்களின் வரிசையில் முன்னணியில் நின்றார். சிடானைப்போல பந்தை மயக்குகிற ஆட்டம் இல்லை அவருடையது. பெனால்டி எல்லைக்குள் முட்டி மோதி, எப்படியாவது பந்தை வலைக்குள் தள்ளுகிற ஆட்டம். சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நிறைந்த அரங்கில் அந்த ஆட்டத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

2008இல் நோர்மண்டிப் பகுதியின் கான் கழகத்துக்குப் போனார். கோல்கள் நிற்கவில்லை. அந்த வருச யூரோக் கிண்ணத்தில் பிரான்ஸ் ஒரேயொரு புள்ளியோடு முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தது. பயிற்றுநர் ரேமோன் டொமெனெக்மீது நாடே கோபத்தில் இருந்த நேரம். அவர் சவிதானை அழைத்தார். 2008 நவம்பர் 19, ஸ்தாத் து பிரான்ஸ் அரங்கு, எதிரணி உருகுவே. முப்பது வயதில் சவிதான் நீல ஜேர்சியோடு களத்தில் இறங்கினார். ஆட்டம் 0-0 எண்டு முடிந்தது.

எல்லாரும் சொல்லும் கதை இங்கேயே முடிந்துவிடும். 'குப்பை அள்ளியவர் தேசிய அணிக்கு விளையாடினார், உழைத்தால் உயரலாம்.' எங்களுக்கும் இந்தக் கதை பிடிக்கும்தான். ஆனால் இது பாதிக்கதை.

2009இல் கான் லீக் 1இலிருந்து தரமிறங்கியது. சவிதானை வாங்க மொனாக்கோ முன்வந்தது. தனி நாடாக இருந்தாலும் பிரெஞ்சு லீக்கில் விளையாடுகிற, காசும் பெயரும் உள்ள கழகம். அவருடைய வாழ்க்கையின் பெரிய ஒப்பந்தம் அதுதான். எந்த ஒப்பந்தத்துக்கும் முன் நடக்கிற வழமையான மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். இதயத்தில் ஒரு கோளாறு இருப்பது அங்கே தெரியவந்தது. தொடர்ந்து இந்த மட்டத்தில் ஓடினால் உயிருக்கே ஆபத்து எண்டு மருத்துவர்கள் சொன்னார்கள். ஒப்பந்தம் அத்தோடு போனது. 31 வயதில் தொழில்முறை ஆட்டமும் முடிந்தது.

அந்த மருத்துவர்களின் பயம் வெறும் பயமில்லை. 2003 யூன் 26 அன்று, பிரான்ஸின் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிராக விளையாடிக்கொண்டிருந்த கமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோயே மைதானத்தின் நடுவில் சரிந்து விழுந்து இறந்தார். இதயத் தசை தடித்துப்போகும் ஒரு நோய் அவருக்கு இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2007 ஓகஸ்டில் செவிய்யா அணியின் அந்தோனியோ புவேர்தா லீக் ஆட்டமொன்றில் விழுந்தார், மூன்று நாளில் இறந்தார். அவருக்கு வயது 22. அந்த வருசங்களிலும் சவிதான் அஞ்சாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

இப்ப மறுபடியும் அந்த 'உழைத்தால் உயரலாம்' எண்ட வசனத்துக்கு வருவோம். சவிதான் உழைத்தார், உயர்ந்தார், உண்மை. ஆனால் அவரை மேலே கொண்டுவந்தது உழைப்பு மட்டுமில்லை. மூன்றாம் தட்டில் கிடக்கிற ஒரு கழகம் இரண்டே வருசத்தில் முதல்தரத்துக்கு ஏறக்கூடிய ஒரு லீக் அமைப்பு இருந்தது. இருபத்தாறு வயதிலும் இவரை நம்பி எடுத்த ஒரு ஊர் இருந்தது. அதேமாதிரி, கடைசியில் அவரை நிறுத்தியது உழைப்பின்மையும் இல்லை. ஒரு பரிசோதனை அறிக்கை. எத்தனை மணித்தியாலம் பயிற்சி செய்தாலும் அந்த அறிக்கையை மாத்த முடியாது.

இதைத் தோல்விக் கதையாகவும் நாங்கள் வாசிக்கவில்லை. ஃபோயேக்கும் புவேர்தாவுக்கும் கிடைக்காத ஒன்று சவிதானுக்குக் கிடைத்தது: நேரத்தோடு வந்த எச்சரிக்கை. அவருடைய தொழிலை முடித்த அதே பரிசோதனைதான் அவருடைய உயிரையும் காப்பாத்தியது. மொனாக்கோ ஜேர்சியில் அவர் ஒரு நிமிசம்கூட விளையாடவில்லை. ஆனால் அந்தக் கழகத்தின் வாசலில்தான் அவருக்கு மிச்ச வாழ்க்கை கிடைத்தது.

அடுத்தமுறை ஏதாவது ஒரு அணிப்பட்டியலில் ஆறேழு கழகம் மாறிய ஒரு வீரரின் பெயரைப் பார்த்தால், 'இவன் எங்கயும் நிலைக்காதவன்' எண்டு கடந்துபோகாமல் கொஞ்சம் நிண்டு பார்ப்போம். ஒவ்வொரு கழகப் பெயருக்குப் பின்னாலும் ஒரு வீடுமாற்றம், ஒரு யூன் மாதம், ஒரு பயம் இருக்கும். சவிதானின் பட்டியலில் கடைசி வரியில் ஒரு உயிரும் இருக்கிறது.