மார்ச் 12, 1888: வேலைக்குப் புறப்பட்டவர்கள்

குளிர்காலம் விடைபெற்றுவிட்டதென்றே 1888 மார்ச் இரண்டாம் வாரத்தில் நியூயார்க் நகரவாசிகள் நம்பியிருந்தனர். பதினொன்றாம் தேதி, ஞாயிறன்று மழை பெய்தது. நள்ளிரவுக்குப் பின் அது பனியாக மாறியது. திங்கள் காலையில் கதவைத் திறந்தவர்களுக்குத் தெருவே தென்படவில்லை. ஆயினும் பல்லாயிரவர் வேலைக்குப் புறப்பட்டார்கள்.

இவ்வரலாற்றைப் படிக்கையில் நம்மை முதலில் தடுத்து நிறுத்துவது இந்தப் புறப்பாடுதான். ஏன் போனார்கள்? வராத நாளுக்குக் கூலியில்லை என்பது அன்றைய நியதி. மறுநாள் அந்த வேலையே கைநழுவவும் கூடும். கடைப்பெண்களும் தையற்கூடத் தொழிலாளரும் எழுத்தர்களும் புயலை எடைபோட்டுப் பார்க்கும் நிலையில் இல்லை.

நகரில் விழுந்த பனி ஏறத்தாழ 21 அங்குலம்தான். காற்றுதான் அதை வாரிச் சுவர்களாகக் குவித்தது. தூண்களின் மேலோடிய நீராவி ரயில்கள் நிலையங்களுக்கிடையே அந்தரத்தில் நின்றுபோயின. சிலர் ஏணிகளைக் கொண்டுவந்து சாத்தி, காசு வாங்கிக்கொண்டு பயணிகளைக் கீழே இறக்கினர். (எந்தப் பேரிடரிலும் இந்த வணிகர் எப்படியோ வந்துசேர்ந்துவிடுகிறார்.) செவ்வாயன்று ஈஸ்ட் ஆற்றைப் பனிப்பாளங்கள் அடைத்துக்கொள்ள, புரூக்ளினிலிருந்து மக்கள் அதன் மேலேயே நடந்து வந்தார்கள். நீரோட்டம் திரும்பியபோது பாளங்கள் பிளந்து சிலரைச் சுமந்து சென்றன. இழுவைப் படகுகள் அவர்களை மீட்டன.

அன்று நடந்தவர்களுள் நாம் பெயரறிந்த ஒருவர் ராஸ்கோ காங்க்ளிங், முன்னாள் செனட்டர், வழக்கறிஞர். வால் தெரு அலுவலகத்திலிருந்து மாலையில் கிளம்பியவரிடம் வண்டிக்காரர் 50 டாலர் கேட்டதாகச் சொல்வார்கள். மறுத்துவிட்டு நடந்தார். யூனியன் சதுக்கத்தில் பனியில் புதைந்து, போராடி மீண்டு, மேடிசன் சதுக்கத்தருகே தம் மன்றத்தை எட்டி விழுந்தார். ஏப்ரல் 18 அன்று இறந்தார். வண்டியை மறுக்க அவருக்கு வழியிருந்தது என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். கிழக்குக் கரையோரப் பகுதிகளில் இப்புயலுக்குப் பலியானோர் சுமார் 400 பேர். அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் நியூயார்க் நகரத்தவர்.

அப்போது அந்நகரில் வாழ்ந்த கியூபக் கவிஞர் ஹொசே மார்த்தி இப்புயலைப் பற்றி புவனோஸ் ஐரிஸின் 'லா நாசியோன்' இதழுக்கு எழுதினார். வட அமெரிக்காவின் துயரொன்று தென் அமெரிக்க வாசகர்களிடம் இலக்கியமாகவே போய்ச் சேர்ந்தது.

இப்புயல்தான் சுரங்க ரயிலைத் தந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நமக்கு இது சற்று மிகையாகவே தோன்றுகிறது. மேயர் ஹியூவிட் தம் விரைவு ரயில் திட்டத்தை அவ்வாண்டு ஜனவரியிலேயே முன்வைத்துவிட்டார். புயல் அவ்வாதத்துக்கு வலுவூட்டியது, அவ்வளவே. அதற்குப் பிறகும் 1904 அக்டோபர் 27 வரை நகரம் காத்திருந்தது. அதுவரை ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதே தூண்களின் மேல் ஏறித்தான் தொழிலாளர் வேலைக்குப் போய்வந்தனர். காங்க்ளிங்குக்கு 1893இல் மேடிசன் சதுக்கத்தில் வெண்கலச் சிலை எழுந்தது.