முதுசொமும் தண்ணீர் முறையும்

அபுதாபியைச் சேர்ந்த அல் ஐன் சோலையில், அந்நாளில் தகப்பனின் பேரீச்சந்தோட்டம் கைக்கு வந்தவன் முதலில் கேட்டறிந்தது தன் தண்ணீர் முறையை. மலையடியின் நிலத்தடி நீரைச் சரிவின் வழியே தோட்டம்வரை கொண்டுவந்த வாய்க்காலுக்குப் பலாஜ் என்று பெயர். அயலிலுள்ள ஹிலியில் அகழ்ந்தெடுத்த பலாஜுக்கு வயது ஏறத்தாழ 3000. பங்கு நேரத்தால் அளக்கப்பட்டது. அடுத்துள்ள ஓமானில் பகலில் நிழலும் இரவில் நட்சத்திரமுமே மணிக்கூடு. அரை மணி அளவான கூறு 'அதர்'. பேரீச்சையின் கீழ் எலுமிச்சை, அதன் கீழ் ஆட்டுக்குத் தீவனம்; ஆட்டெரு மீண்டும் மரத்துக்கு.

எமக்கு இது புதுமையல்ல. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வாய்க்காலும் வழியும் சேர்த்தே எழுதப்படும். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்தது.

பலாஜ் தூர்ந்தால் எல்லோருடைய பங்கும் காய்ந்துபோகும். 1946இல் அல் ஐனுக்குப் பொறுப்பாக வந்த ஷேக் ஸாயித், பழைய பலாஜ்களைத் துப்புரவாக்குவதில் முன்னின்றார். 1990இல் இழந்த வலிகாமம் வடக்குக் காணிகள் 2009இன் பின் சிறுகச் சிறுக விடுபட்டபோது, திரும்பியவர்களும் பற்றை வெட்டிக் கிணறு இறைத்தே தொடங்கினார்கள்.

எம்மில் பலருடைய உறுதிகள் இன்னும் பெட்டிகளில் கிடக்கின்றன. பிள்ளைகளிடம் அவற்றைக் கொடுக்கும்போது, எந்தக் கிணறு, எத்தனை பங்கு, யாரோடு முறை என்பதையும் வாயால் சொல்லிக்கொடுப்போம்.