அண்ணன் எடுத்த மெட்டு, தம்பி எடுத்த கருவி

சமயபுரம் என்றதும் மாரியம்மனும் பூச்சொரிதலும் நினைவுக்கு வருவதே இயல்பு. கர்நாடகப் போர்களின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இன்னொரு சமயபுரமும் உண்டு. 1752 ஏப்ரலில் ராபர்ட் கிளைவின் படை இங்கே முகாமிட்டிருந்தது. கொள்ளிடத்தின் மறுபுறம், திருவரங்கத் தீவில் பிரெஞ்சுப் படை அடைபட்டுக் கிடந்தது. ஜூன் மாதத்தில் அது சரணடைந்தது.

இத்தகைய போர்களின் வழியாகவே ஆங்கிலேயர் இங்கு வேரூன்றினர். அவர்களோடு அவர்களின் இசையும் வேரூன்றியது. அக்காலத்து ஐரோப்பியக் காலாட்படையின் நடையை அளந்தவை முரசும், பக்கவாட்டில் பிடித்து ஊதும் 'பைஃப்' என்ற சிறு குழலும். கோட்டைகளில் வாத்தியக் குழுக்கள் அமைந்தன. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் குழுவைக் கேட்டவர்களுள் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தாரும் அடங்குவர். மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் அவர்கள் அப்போது மணலியில் வாழ்ந்து வந்தனர்.

ஒரே வீட்டில் பிறந்த இருவர் அந்த இசையிலிருந்து நேரெதிரான இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டனர் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. அண்ணன் முத்துசுவாமி (1775–1835) கருவியை விட்டுவிட்டு மெட்டை எடுத்தார். தம்பி பாலுசாமி (பிறப்பு 1786) மெட்டை விட்டுவிட்டுக் கருவியை எடுத்தார்.

அண்ணன் எடுத்த மெட்டுகளே நோட்டுஸ்வரங்கள். ஏறத்தாழ நாற்பது பாடல்கள், சங்கராபரண ஸ்வரங்கள், சமஸ்கிருத சாகித்தியம். 1744இல் அச்சேறிய ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. பிரான்சில் 1761இல் அச்சான ஒரு மெட்டு, இன்று உலகக் குழந்தைகள் எல்லாம் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடும் மெட்டு, 'சியாமளே மீனாட்சி' ஆயிற்று. இவற்றில் கமகம் இல்லை. சங்கராபரணத்தில் மாபெரும் கீர்த்தனைகளைச் செய்தவருக்குக் கமகம் சேர்க்கத் தெரியாமல் போயிருக்காது. அந்நிய மெட்டை அதன் நடையிலேயே நிற்கவிடுவது என்று அவர் முடிவு செய்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். நோட்டுஸ்வரங்களைச் சிறுவர் பயிற்சிப் பாடல்கள் என்று ஒதுக்குவோர் இந்த அடக்கத்தைக் காண்பதில்லை.

தம்பியின் வழி வேறு. ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்ற பாலுசாமி அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். நாளடைவில் தந்திகள் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டப்பட்டன. வாசிப்பவர் தரையில் அமர்ந்தார். கருவியின் தலை அவர் பாதத்தில் ஊன்றியது. அதைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்ட இடக்கை, தந்தியின் மீது வழுக்கிச் சென்று கமகம் பேசியது. வயலின் தன் பழைய பாடம் முழுவதையும் மறந்து பிழைத்தது.

சமயபுரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத லால்குடி இந்த மறதிக்குப் பெரும் சாட்சி. குரலைப் போல வயலினை இசைத்த லால்குடி ஜெயராமன் (1930–2013), 1966இல் என். ரமணியின் புல்லாங்குழலோடும் வெங்கட்ராமனின் வீணையோடும் சேர்ந்து கச்சேரிகள் செய்யத் தொடங்கினார். குழலில் மூச்சு அளந்த சொற்றொடரை வில் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே இடம் மாறியது மூச்சின் நீளம்.

பதினெட்டாம் நூற்றாண்டுக் குழலிசையைச் செல்லோவுக்கு மாற்றி எழுதுவோரும் இதே தேர்வைத்தான் எதிர்கொள்கிறார்கள். ஸ்வரங்களை ஓரிரு ஸ்தாயி கீழே இறக்குவது எழுத்து வேலை. குழல் மூச்சு வாங்கும் இடத்தில் வில் நிற்பதா, ஓய்வே தேவைப்படாத வில்லின் இயல்புப்படி தொடர்ந்து செல்வதா? முதலாவது அண்ணனின் வழி. இரண்டாவது தம்பியின் வழி. சென்னையில் வி.எஸ். நரசிம்மன் அமைத்த மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் இரண்டுக்கும் நடுவே ஒரு பாதையைத் தேடியது. கீர்த்தனையை வயலின் கமகத்தோடு இசைக்க, வியோலாவும் செல்லோவும் மேற்கத்திய முறையில் அதற்கு அடித்தளம் இட்டன.

எதைக் கொண்டுவருவது என்று கேட்பவர்கள் பலர். எதை விட்டுவிடுவது என்பதை முதலில் தீர்மானித்தவர்கள் அந்தச் சகோதரர்கள். அதனால்தான் இருநூறு ஆண்டுகள் கடந்தும் அண்ணனின் பாடல் சிறுவர் நாவிலும், தம்பியின் வயலின் ஒவ்வொரு கச்சேரி மேடையிலும் இருக்கின்றன.