வட்டியில்லாக் கடனும் குடியிருப்பு மனையும்

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் உதயமான புனித ஜார்ஜ் பேராலயம், சென்னைக் கோபாலபுரத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. அதே கோபாலபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டில், விவசாயத் தொழிலாளர் பிறர் நிலத்தில் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டமும் பிறந்தது. ஏழைக்கு வீடு என்னும் காரியத்தில் அரசு செய்தவை நம்மிடையே அடிக்கடி பேசப்படுகின்றன. திருச்சபையின் மடியில் பிறந்து இதே காரியத்தை உலகெங்கும் கொண்டுசென்ற 'ஹாபிட்டாட் ஃபார் ஹ்யூமானிட்டி' இயக்கமோ நம் வகுப்பறைகளில் அரிதாகவே ஆராயப்படுகிறது.

அவ்வியக்கம் அமெரிக்க மண்ணில் தோன்றியது. ஆயினும் அது எதிர்கொண்ட வினா, அதற்கு நெடுங்காலம் முன்னரே நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் எழுந்துவிட்டது. 1891இல் அம்மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் விளைவாகிய 1892ஆம் ஆண்டின் 1010ஆம் எண் அரசாணையைப் பஞ்சமி நில வரலாறு பேசுவோர் யாவரும் அறிவர். அந்நாளில் அங்கு ஊழியம் செய்த வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரு முதலிய மிஷனெரிகள் கண்டது மற்றொன்று. சேரி நின்ற மண்ணையும் மிராசுதார் தமதென்றனர். ஆகவே கூலியைப் பற்றி வாய் திறந்த பண்ணையாள், அன்றே தன் குடிசையை இழக்கக்கூடும். குடியிருக்கும் மனை தனதாகாத வரையில், அவன் பெற்ற ஞானஸ்நானமும் கல்வியும் மிராசுதாரின் தயவிலேயே நிற்கும் என்று அவர்கள் உணர்ந்தனர். மனையுரிமைக்காக அரசை வற்புறுத்தினர். அரசு எளிதில் இசையவில்லை. 1920க்குப் பின்னரே தொழிலாளர் துறை மனைகளைக் கையகப்படுத்தி, விலையைத் தவணைகளாகப் பெற்றுக்கொண்டு வழங்கத் தொடங்கியது. 1971இன் சட்டம் வருவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வார உழவு செய்த கறுப்பின மக்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. வெள்ளையரின் நிலத்தில், வெள்ளையரின் குடிசையில் அவர்கள் வாழ்ந்தனர். அங்கே, சம்ட்டர் மாவட்டத்து அமெரிக்கஸ் நகருக்கருகில், 1942இல் கிளாரன்ஸ் ஜார்டன் தம் நண்பரோடு ஒரு பண்ணையைத் தொடங்கினார். ஜார்டன் வேளாண்மையில் பட்டம் பெற்றவர்; புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் முனைவர்; பாப்டிஸ்ட் சபையார். ஐக்கியம் எனப் பொருள்படும் 'கொய்னோனியா' என்ற கிரேக்கச் சொல்லையே பண்ணைக்குப் பெயராக வைத்தார். இரு இனத்தாரும் ஒரே மேசையில் உண்டனர். இதைப் பொறாத உள்ளூர் சபை 1950இல் அவர்களை விலக்கிவைத்தது. 1956 முதல் வணிகர் புறக்கணிப்பும், வெடிகுண்டும், துப்பாக்கிச் சூடும் தொடர்ந்தன. (விலக்கியது ஒரு கிறிஸ்தவ சபை என்பதை மாணவர் மறவாதிருப்பது நன்று.) பண்ணையின் விளைபொருளை உள்ளூரில் விற்க வழியின்றி, பீக்கன் கொட்டைகளைத் தபால் வழியே விற்று அவர்கள் உயிர்வாழ்ந்தனர்.

இளமையிலேயே பெருஞ்செல்வம் ஈட்டிய வழக்கறிஞர் மில்லர்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும், குடும்ப வாழ்வு முறியும் நிலைக்கு வந்தபின், 1965இல் தம் உடைமைகளைத் துறந்து கொய்னோனியாவுக்கு வந்தனர். 1968இல் ஜார்டனும் ஃபுல்லரும் ஒரு திட்டம் வகுத்தனர். பண்ணை நிலத்தில் 42 மனைகள் ஒதுக்கப்படும். அடக்கவிலைக்கே வீடு விற்கப்படும், இலாபமில்லை, வட்டியில்லை. குடும்பங்கள் 20 ஆண்டுகளில் செலுத்தும் தவணை ஒரு பொது நிதியிற் சேர்ந்து, அடுத்தவரின் வீடாகும். ஏழைக்கு வேண்டுவது பிச்சையன்று, முதலே என்பது ஜார்டனின் வாதம். ஏழையிடம் வட்டி வாங்கலாகாது என்னும் யாத்திராகமம் 22:25இன் கட்டளையை, பழைய உடன்படிக்கையின் சடங்கு என ஒதுக்காமல் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்ததே இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. முதல் வீடு முடிந்த 1969இல்தான் ஜார்டனும் மறைந்தார்.

1973 முதல் 1976 வரை ஃபுல்லர் குடும்பத்தார் ஆப்பிரிக்காவின் ஸயரில், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், அத்திட்டத்தைச் சோதித்தனர். எம்பண்டாக்கா நகரில் அவர்களுக்குக் கிடைத்த மனை, பெல்ஜியர் ஆட்சியில் ஐரோப்பியர் குடியிருப்பையும் ஆப்பிரிக்கர் குடியிருப்பையும் பிரித்துவைக்க வெறுமையாய் விடப்பட்ட நிலம். நாடு திரும்பியதும், 1976இல், அமெரிக்கஸில் ஹாபிட்டாட் இயக்கம் நிறுவப்பெற்றது. வீடு பெறுவோர் தம் வீட்டிலும் பிறர் வீட்டிலும் உடலுழைப்புத் தரவேண்டும் என்பது விதியாயிற்று. 1984இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் நியூயார்க்கில் சுத்தியலுடன் நின்றார். அதன்பின் இயக்கத்தின் பெயர் எங்கும் பரவியது. 2005க்குள் அது கட்டிய வீடுகள் 2,00,000 ஆயின.

இந்தியாவில் அதன் பணி 1983இல் கம்மத்தில் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் தமிழகக் கடற்கரையிலும் அது வீடுகள் கட்டியது. 2006இல் கார்ட்டர் தம்பதியர் லோனாவாலா அருகே 100 வீடுகள் எழும்பும் பணியில் பங்கேற்றனர்.

வளர்ச்சிக்கு விலையும் இருந்தது. நிர்வாகக் குழுவோடு முரண்பாடு முற்றி, 2005 ஜனவரியில் நிறுவனரே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வேறொரு வீட்டுவசதி அமைப்பைத் தொடங்கி, 2009இல் மறைந்தார். விலைவாசி ஏறும் நாடுகளில், திரும்பிவரும் தவணைத் தொகை மற்றொரு வீட்டுக்குப் போதாது. ஆகவே நிதி தன் காலில் நிற்கவில்லை. நன்கொடையே அதைத் தாங்கிற்று. 2012இல் நுண்கடன் நிறுவனங்களுக்கு முதலளிக்கும் தனி நிதியை இயக்கம் ஏற்படுத்தியது. அந்நிறுவனங்கள் கடனாளியிடம் வட்டி வாங்குபவை. மிகுதியான குடும்பங்களை எட்ட வேறு வழியில்லை என்ற நியாயத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் யாத்திராகமத்தின் வசனம் கணக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து நீங்கியது என்றே கூறவேண்டும்.

நமது நகரில் தடையாயிருப்பது வட்டி மட்டுமன்று. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம், தொடக்கத்தில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் கட்டியது. பின்னர் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அவர்களைப் பெயர்த்தது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் நகருக்குள் வரவேண்டியவர்கள், நாளின் கூலியிலும் நேரத்திலும் ஒரு பகுதியைப் பேருந்துக்கே கொடுக்கலாயினர். கோபாலபுரம் போன்ற பகுதியில் மனையின் விலை, வட்டியைத் தள்ளுவதால் ஏழைக்கு எட்டுவதாகாது. கொய்னோனியாவில் மனைகள் பண்ணையிலிருந்தே வந்தன என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நகரின் நடுவே திருச்சபைகளுக்கு நிலங்கள் உள்ளன. அவற்றில் வணிக வளாகம் எழுப்புவது குறித்துச் சொத்துக் குழுக்களில் விவாதம் நடைபெறுவதும் உண்டு. அவற்றுள் ஒரு மனையை, சபையின் துப்புரவுப் பணியாளரும் காவலாளரும் கூட்டாகக் கட்டிக்கொள்ளும்படி நீண்டகாலக் குத்தகைக்கு விடலாமா என்னும் பொருளையும் அக்குழுக்களின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கலாம்.